மட்டையால் அடிப்பதா, கையால் உருட்டுவதா? சிறுவர் பேஸ்பாலுக்கு எந்த ஃபீல்டிங் பயிற்சி

சிறுவர் பேஸ்பால் அணிக்குக் கோச்சாக இருக்க ஒப்புக்கொண்டவர்களை முதலில் படுத்துவது நேரம்தான். பன்னிரண்டு பிள்ளைகள், பெரியவர்கள் இரண்டு பேர், ஒரு மைதானம், ஒன்றரை மணி நேரம். உடம்பைச் சூடேற்ற, பேட்டிங்குக்கு, தண்ணீர் குடிக்க, ஷூ லேஸ் கட்ட என்று எல்லாம் போக ஃபீல்டிங்குக்கு மிஞ்சுவது அரை மணி. டிரில்களுக்குப் பஞ்சமே இல்லை, தேடினால் நூறு கிடைக்கும். ஆனால் விதவிதமான பெயர்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் எல்லாம் ஆறு வகைக்குள் அடங்கிவிடும்: கோச் மட்டையால் அடித்துக் கொடுப்பது, பக்கத்தில் நின்று கையால் உருட்டுவது, சுவரில் எறிந்து பிடிப்பது, உயரப் பந்து, எறிதல், ஆட்டச் சூழலை வைத்து ஆடுவது.

இவற்றை ஒப்பிட எனக்கு இரண்டு கேள்விகள் போதும். ஒவ்வொரு பிள்ளையின் கைக்கும் எத்தனை பந்து போகிறது? அந்தப் பந்து ஆட்டத்தில் வரும் பந்தை எவ்வளவு ஒத்திருக்கிறது? சங்கடம் என்னவென்றால், இரண்டும் பெரும்பாலும் எதிரும் புதிருமாகவே இருக்கும். எண்ணிக்கை கூடினால் ஆட்டத்தின் சாயல் குறையும். சாயல் கூடினால் பாதிப் பிள்ளைகள் சும்மா நிற்பார்கள். பத்து வயதுக்குக் கீழே என்றால் எண்ணிக்கைக்கே என் ஓட்டு. பதினொன்று, பன்னிரண்டில் தராசு மெல்ல மறுபக்கம் சாயும்.

மட்டையால் அடித்துக் கொடுப்பது

எந்த மைதானத்துக்குப் போனாலும் கண்ணில் படும் காட்சி இது. பேட்டர் நின்று அடிக்கும் ஹோம் பிளேட் பக்கம் கோச் ஃபங்கோ மட்டையோடு நிற்பார். பந்தைத் தானே தூக்கிப் போட்டு அடிப்பதற்கென்றே செய்த மட்டை அது. ஆட்டத்தில் பயன்படுத்தும் மட்டையைவிட மெலிந்திருக்கும், எடையும் குறைவு. இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே ஷார்ட்ஸ்டாப் நிற்கும் இடத்தில் பிள்ளைகள் வரிசை. அவர் அடிப்பார், முதல் பிள்ளை பிடித்து, அடித்தவர் முதலில் ஓடிச் சேர வேண்டிய ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறியும், வரிசையின் கடைசிக்குப் போகும்.

இதன் பலத்தை மறுக்க முடியாது. மட்டையில் பட்ட பந்து சுழலும் விதமே வேறு. மேல்சுழற்சியோடு வரும் கிரவுண்டர், அதாவது தரையோடு வரும் பந்து, தரையில் பட்டதும் வேகம் குறையாமல் வழுக்கிக்கொண்டு வரும். கையால் உருட்டும் பந்தில் அது கிடைக்காது. மட்டையிலிருந்து பந்து கிளம்பும் கோணத்தைப் பார்த்து, சத்தத்தைக் கேட்டு, முதல் அடியை எந்தப் பக்கம் வைப்பது என்று முடிவெடுக்கும் பழக்கமும் மட்டையிலிருந்து வரும் பந்தால்தான் வரும். ஜப்பானியப் பேஸ்பாலில் ஒரே ஆட்டக்காரருக்கு ஓயாமல் அடித்துத் தள்ளும் ‘ஆயிரம் நொக்கு’ பேர்போன பயிற்சி (கோச் அடித்துக் கொடுப்பதுதான் நொக்கு). அங்கே உடல் உரத்தோடு மன உரத்தையும் சேர்த்தே சோதிப்பார்கள்.

ஆனால் ‘ஒரே ஆட்டக்காரருக்கு’ என்பதைக் கவனியுங்கள். நம் வரிசையில் நிற்பது பன்னிரண்டு பேர். அடித்து, பிடித்து, ஃபர்ஸ்டுக்கு எறிந்து, பந்து திரும்பி வந்து, அடுத்த பந்து கிளம்ப 15 விநாடி என்று வைத்துக்கொண்டால், ஒரு பிள்ளைக்கு 3 நிமிடத்துக்கு ஒரு பந்து. 20 நிமிடம் செய்தால் ஆறோ ஏழோ. அதில் இரண்டு கோச்சின் கை பிசகி வேறு பக்கம் போயிருக்கும். மீதி நேரமெல்லாம் பிள்ளை புல்லைப் பிடுங்கிக்கொண்டும் முன்னால் நிற்பவன் தொப்பியைத் தட்டிவிட்டுக்கொண்டும் இருக்கும். பிள்ளைகளுக்குக் கவனமே இல்லை என்று கோச் அலுத்துக்கொள்வார். கவனிக்க அங்கே என்ன இருக்கிறது?

இதைவிடப் பெரிய குறை வேகம். எட்டு வயதுப் பிள்ளையை நோக்கிப் பலமாக ஒரு கிரவுண்டர் அடித்துப் பாருங்கள். பந்து நெருங்கும் நேரத்தில் உடம்பின் பாரம் குதிகாலுக்குப் போகும், முகம் ஒரு பக்கம் திரும்பும், கிளவுஸ் மட்டும் தனியாக முன்னால் நீளும். முகம் திரும்பியதால் பந்து எழும்புவது கண்ணில் படாது. படாததால்தான் அடி விழும், விழுந்ததும் பயம் இரட்டிப்பாகும். இந்தச் சுற்றில் மாட்டிய பிள்ளைக்கு இன்னும் நூறு பந்து அடித்தால் முகத்தைத் திருப்புவதில்தான் தேர்ச்சி வரும்.

மட்டையை விடவே முடியாது என்றால் அமைப்பையாவது மாற்றலாம். ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிவதை வெட்டிவிட்டு, பிடித்த பந்தைப் பக்கத்தில் இருக்கும் வலையிலோ வாளியிலோ போடச் சொன்னால் நேரம் பாதியாகும். அடிப்பவர் பக்கத்தில் ஒருவர் நின்று அடுத்த பந்தைத் தயாராகக் கையில் கொடுக்க வேண்டும். வரிசையில் நான்கு பேருக்கு மேல் கூடாது. இவ்வளவு செய்த பிறகும், பந்தைக் கண்ணை மூடாமல் பார்க்கக் கற்றுவிட்ட பிள்ளைகளுக்குத்தான் இது பொருந்தும்.

கையால் உருட்டுவது

பார்க்க ரொம்பச் சாதாரணம். இரண்டு பிள்ளைகள் நான்கைந்து மீட்டர் தள்ளி எதிரெதிரே நின்று, ஒருவர் உருட்ட மற்றவர் பிடிப்பது. பத்துப் பந்துக்கு ஒருமுறை முறை மாறும். ஐந்தாறு விநாடிக்கு ஒரு பந்து என்று போனால், தவறவிட்டதை ஓடி எடுத்துவரும் நேரத்தைத் தாராளமாகக் கழித்தாலும், 10 நிமிடத்தில் ஒருவருக்கு முப்பது பந்துக்குக் குறையாது. பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் வேலையில் இருப்பார்கள். கோச் மட்டையைக் கீழே வைத்துவிட்டு நடந்து நடந்து ஒவ்வொருவரையும் திருத்தலாம். என்னைக் கேட்டால் இதன் முக்கிய லாபமே இதுதான். மட்டை கையில் இருக்கும்போது கோச் பந்து போடும் இயந்திரமாகிவிடுகிறார், பிள்ளையின் கால் எங்கே இருக்கிறது என்று பார்க்க அவருக்கு நேரமில்லை.

திருத்த வேண்டியவை அதிகமில்லை, ஆனால் ஒவ்வொன்றும் சின்னச் சின்னது. கால்கள் தோள் அகலத்தைவிட விரிந்திருக்க வேண்டும். வலது கையால் எறியும் பிள்ளைக்கு இடது கால் அரை அடி முன்னால். முதுகை வளைக்காமல் இடுப்பை இறக்க வேண்டும். கிளவுஸின் விரல் நுனி தரையைத் தொட வேண்டும், உள்ளங்கைப் பக்கம் பந்தைப் பார்க்க வேண்டும். கைகள் கால்களுக்கு இடையில் ஒடுங்காமல், கண்ணில் படும்படி உடம்புக்கு முன்னால் நீண்டிருக்க வேண்டும். கிளவுஸ் கீழே தொடங்கிப் பந்தோடு மேலே வரலாம். மேலிருந்து கீழே இறங்கினால் அடியில் பந்து புகுந்துவிடும். சிறுவர் ஆட்டத்தில் காலுக்கிடையே போகும் பந்துகளுக்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஒன்றுதான். எறியும் கை கிளவுஸுக்கு மேலே, முதலை வாய் மூடுவதுபோல, தயாராக நிற்க வேண்டும். பந்து எழும்பினால் முகத்துக்குப் போகாமல் அந்தக் கை தடுக்கும், பிடித்ததும் பந்தை எடுக்கவும் அதே கைக்கு வழி குறையும்.

கிரிக்கெட் ஆடிப் பழகிய பிள்ளைகள் இங்கே ஒரு பழக்கத்தைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்: முழங்காலைப் பக்கவாட்டில் ஊன்றி, காலையே சுவராக்கிப் பந்தைத் தடுப்பது. பவுண்டரியைக் காப்பாற்ற அது அருமையான முறை. பேஸ்பாலில், பேஸ்களைச் சுற்றியுள்ள இன்ஃபீல்டில் பந்தை நிறுத்தினால் மட்டும் போதாது. சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக்கின் மைதானத்தில் ஒரு பேஸுக்கும் அடுத்ததற்கும் 60 அடிதான், அடித்தவர் அதற்குள் ஓடிவிடுவார். ஊன்றிய முழங்காலிலிருந்து எழுந்து எறிவதற்குள் காரியம் கெட்டுவிடும். ஆனால் அதற்கு வெளியே விரியும் அவுட்ஃபீல்டில், எறிய அவசரமில்லாதபோது, அதே ஊன்றல் சரியான முறை. ஆகவே அதை மறக்கடிக்க வேண்டாம், எங்கே பொருந்தும் என்று சொல்லிக்கொடுத்தால் போதும்.

கையால் உருட்டுவது சின்னப் பிள்ளைகள் விளையாட்டு என்று பெற்றோர் சிலர் முகம் சுளிப்பதுண்டு. அவர்களுக்கு ரான் வாஷிங்டனைப் பற்றிச் சொல்லலாம். ஓக்லண்ட் அத்லெட்டிக்ஸ் அணியில் இன்ஃபீல்ட் கோச்சாக இருந்தவர், பிறகு டெக்சாஸ் ரேஞ்சர்ஸின் மேனேஜர், 2021-ல் அமெரிக்காவின் உச்ச லீக்கான மேஜர் லீக்கின் இறுதித் தொடரை, வேர்ல்ட் சீரிஸை, வென்ற அட்லாண்டா பிரேவ்ஸில் மூன்றாம் பேஸ் கோச்சாக இருந்தவர். மேஜர் லீக் ஆட்டக்காரர்களை அவர் முழங்காலில் உட்கார வைத்து, சில அடி தூரத்திலிருந்து பந்தைப் பதமாகத் தட்டிவிட்டு, தரையில் பட்டு எழும்பும் நொடியிலேயே பிடிக்க வைப்பார். ஓக்லண்டின் எரிக் சாவேஸ் சிறந்த ஃபீல்டருக்கென்று தான் வென்ற கோல்ட் கிளவ் விருதுகளில் ஒன்றை அவருக்கே கொடுத்தார். கோடிகளில் சம்பளம் வாங்குகிறவர்களே பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பழக்குகிறார்கள் என்றால், ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதில் என்ன கௌரவக் குறைச்சல்?

சரி, குறை இல்லையா? இருக்கிறது. நேராக உருண்டு வரும் பந்தை அழகாகப் பிடிக்கும் பிள்ளை, மட்டையிலிருந்து குதித்துக் குதித்து வரும் பந்தைக் கண்டதும் தடுமாறும். எழும்பும் பந்தில் சூட்சுமம் இருக்கிறது. தரையில் பட்ட உடனே பிடித்தால் எளிது. நன்றாக எழும்பி இறங்கும்போது பிடித்தாலும் எளிது. இரண்டுக்கும் நடுவில், எழும்பிக்கொண்டே இருக்கும் பந்துதான் மூக்கைப் பதம் பார்க்கும். அந்த நடுப்பந்தைத் தவிர்ப்பது கால்களின் வேலை: ஓரடி முன்னால் வர வேண்டும், இல்லையென்றால் அரையடி பின்வாங்க வேண்டும். நின்ற இடத்தில் நின்று உருட்டிப் பிடிப்பதில் இந்தத் தீர்ப்புக்கே இடமில்லை. அதனால் இரண்டாவது வாரத்திலிருந்தே உருட்டுவதோடு தரையில் குத்திப் போடுவதையும் சேர்க்க வேண்டும். அப்புறம் இடம், வலம், ரொம்ப மெதுவான பந்து என்று கால் நகர வேண்டிய பந்துகள். பத்தில் எட்டைச் சுத்தமாகப் பிடிக்கும் ஜோடியை இரண்டு அடி பின்னால் நகர்த்துங்கள். எல்லா ஜோடிகளும் ஒரே தூரத்தில் நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கிளவுஸ் இல்லாமல் வெறுங்கையோடு, மென்மையான பந்தில் இதையே செய்வதும் உண்டு. கையில் மாட்டும் தட்டையான பயிற்சிப் பலகையும் வருகிறது. இரண்டுக்கும் நோக்கம் ஒன்றுதான்: கிளவுஸின் வலைப் பகுதியில் பந்தைச் சிக்கவைக்கும் சோம்பலை ஒழித்து, இரண்டு கையாலும் பந்தை வாங்க வைப்பது. வாரத்தில் ஐந்து நிமிடம் போதும், அதற்கு மேல் போனால் பிள்ளைகளுக்கு அலுப்புத் தட்டிவிடும்.

சுவரும் பந்தும்

ஷார்ட்ஸ்டாப்பில் 13 கோல்ட் கிளவ் வென்ற ஆஸி ஸ்மித், சிறுவனாக இருந்தபோது பந்தை வீட்டுக் கூரைக்கு மேலே எறிந்துவிட்டு மறுபக்கம் ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்ப்பாராம். கூரை வேண்டாம், ஒரு சுவரும் ஒரு டென்னிஸ் பந்தும் இருந்தாலே போதும். கோச் வேண்டாம், கூட்டாளியும் வேண்டாம். எண்ணிக்கை என்று பார்த்தால் எல்லா டிரில்களையும் இது தோற்கடித்துவிடும். பிள்ளை தனக்குத் தானே வேகத்தை ஏற்றி இறக்கிக்கொள்ளும் என்பதால் பயமும் கிட்ட வராது. எழும்பும் பந்தை எப்போது எடுப்பது என்ற அந்தக் கால் தீர்ப்பு, மேலே சொன்னேனே, அதைச் சுவரைவிடப் பொறுமையாகக் கற்றுக்கொடுக்க யாராலும் முடியாது.

ஆனாலும் அணிப் பயிற்சி நேரத்தை இதற்குச் செலவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. தனியாகச் செய்யக்கூடியதை எல்லோரும் கூடியிருக்கும் நேரத்தில் ஏன் செய்ய வேண்டும்? இதை வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம். இரண்டு எச்சரிக்கைகளோடு. டென்னிஸ் பந்து பேஸ்பாலைவிட உயரமாக எழும்பும், கையில் உறைக்காது. அதனால் ஒற்றைக் கையால் எட்டிப் பறிக்கும் பழக்கம் தொற்றிக்கொள்ளும். இன்னொன்று, தான் எறிந்த பந்து எங்கே போகும் என்று பிள்ளைக்கு முன்பே தெரியும். அப்பாவோ அக்காவோ பின்னால் நின்று, பிள்ளையின் தலைக்கு மேலாகச் சுவரில் எறிந்தால் இந்த இரண்டாவது குறை போய்விடும். எந்தப் பக்கம் துள்ளும் என்றே தெரியாதபடி முண்டுமுண்டாகச் செய்த ரப்பர் பந்தும் கடையில் கிடைக்கும். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு வாங்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு அது பந்தைத் துரத்தி ஓடும் பயிற்சியாகத்தான் முடியும்.

உயரப் பந்து

கிரவுண்டரில் பயம் அடிபடுவதைப் பற்றியது. உயரப் பந்தில் அதோடு குழப்பமும் சேர்ந்துகொள்ளும். பந்து தலைக்கு மேலே தொங்குகிறது, முன்னால் விழுமா பின்னால் விழுமா என்று தெரியவில்லை, காத்திருக்கும் நேரம் வேறு நீளம்.

அவுட்ஃபீல்டர்கள் எப்படிச் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்கிறார்கள் என்பதை விஞ்ஞானிகளும் ஆராய்ந்திருக்கிறார்கள். 1995-ல் ‘சயன்ஸ்’ இதழில் மைக்கேல் மெக்பீத் குழுவினர் எழுதிய கட்டுரை பேர்பெற்றது. விழும் இடத்தை மனதுக்குள் கணக்குப் போட்டு அங்கே ஓடுவதில்லை, பந்து தன் பார்வையில் நேர்கோட்டில் ஏறிக்கொண்டே இருப்பதுபோல் தெரியும்படி ஓட்டத்தைச் சரிசெய்துகொண்டே போகிறார்கள் என்பது அவர்கள் வாதம். இதற்கு மாற்றுக் கருத்துகளும் உண்டு. எதை ஏற்றாலும் பயிற்சிக்குக் கிடைக்கும் பாடம் ஒன்றுதான்: ஓடாமல் உயரப் பந்தைக் கணிக்க வராது. நின்ற இடத்துக்கே பந்தைத் தூக்கிப் போட்டால் பிடிக்கத்தான் பழகும், கணிக்கப் பழகாது.

அப்படியானால் எதால் தூக்கிப் போடுவது? மூன்று வழிகள் உண்டு. கையால் எறிவது துல்லியம், ஆனால் உயரம் போதாது, தோளும் சீக்கிரம் களைத்துவிடும். ஃபங்கோவால் உயரப் பந்து அடிப்பது கிரவுண்டர் அடிப்பதைவிடப் பல மடங்கு கடினம். கை பழகாத கோச் அடித்தால் ஐந்தில் ஒன்று போக வேண்டிய இடத்துக்குப் போனாலே பெரிய விஷயம். பந்து எறியும் இயந்திரம் ஒரே இடத்துக்கு ஒரே மாதிரிப் போடும், அதனாலேயே நாலாவது பந்தில் பிள்ளைகள் ஓடுவதை நிறுத்திவிட்டு விழும் இடத்தில் போய் நின்றுகொள்வார்கள். நான் சொல்வது நான்காவது வழி: டென்னிஸ் ராக்கெட், டென்னிஸ் பந்து. யாராலும் உயரமாக அடிக்க முடியும், வேண்டிய இடத்துக்கு அடிக்க முடியும், தலையில் விழுந்தாலும் வலிக்காது. பத்து வயது வரை முக்கால்வாசி உயரப் பந்துப் பயிற்சி இதிலேயே நடக்கலாம். அதற்கு அடுத்த படியாக, பேஸ்பால் அளவிலேயே மென்மையாகச் செய்த பயிற்சிப் பந்து. அதன் பிறகு, ஐந்து அவுன்ஸுக்குச் சற்றே கூடுதலான நிஜப் பந்து.

முறையில் கவனிக்க வேண்டியது முதல் அடி. பிள்ளைகள் பந்து மேலே போனதும் இயல்பாகவே முன்னால் ஓடிவிடுவார்கள், அது தலையைத் தாண்டிப் போய் விழும். முதல் அடியைப் பின்னால் வைக்கப் பழக்க வேண்டும். முன்னால் வந்து திருத்திக்கொள்வது எளிது, பின்னால் போய்த் திருத்துவதுதான் கஷ்டம். அந்த அடியும் நேராகப் பின்னோக்கி நடக்கும் அடியாக இருக்கக் கூடாது. பந்து போகும் பக்கத்துக் காலைத் திருப்பி வைத்து, இடுப்பைத் திறந்து, ஓடும் நிலைக்கு வர வேண்டும். இதைப் பழக்கப் பந்தே வேண்டாம். கோச் இடமோ வலமோ விரலைக் காட்ட, எல்லோரும் ஒரே நேரத்தில் காலைத் திருப்பி மூன்று அடி ஓடினால் போதும். இரண்டு நிமிடத்தில் பன்னிரண்டு பேருக்கும் இருபது முறை ஆகிவிடும். அடுத்த படியில் பிள்ளை கோச்சிடம் பந்தைக் கொடுத்துவிட்டு ஓட, கோச் அதன் தோளுக்கு மேலாக எறிய, ஓடிக்கொண்டே பிடிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இதைவிடப் பிடித்த டிரில் எனக்குத் தெரிந்து இல்லை.

கூடவே ‘என்னுது, என்னுது’ என்று கத்தும் பழக்கம். இரண்டு பேர் மேலே பார்த்துக்கொண்டே ஓடி மோதிக்கொள்வதுதான் ஃபீல்டிங்கில் மோசமான விபத்து. இரண்டு பேருக்கு நடுவில் பந்தைப் போட்டு, குரல் கொடுக்காமல் பிடித்தால் கணக்கில் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். இருவரும் குரல் கொடுத்தால் அவுட்ஃபீல்டின் நடுவில் நிற்கும் சென்டர் ஃபீல்டருக்கு வழிவிட வேண்டும் என்பது பொதுவான ஏற்பாடு.

எறிதல்

பயிற்சி தொடங்கும்போது ஜோடி ஜோடியாக எறிந்து பிடிப்பார்களே, அதைப் பலரும் ஃபீல்டிங் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும். சிறுவர் ஆட்டத்தில் பந்தைப் பிடித்த பிறகு தலைக்கு மேலே எறிந்து கெடுப்பது, பிடிக்காமல் விடுவதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. மார்புக்கு வந்தால் ஒரு புள்ளி, முகத்துக்கு வந்தால் இரண்டு என்று போட்டியாக்கினாலே அரட்டை அடங்கி எறிதல் சீராகும்.

இதற்கு மாற்றாகச் சொல்லப்படுவது நான்கு மூலை டிரில்: நான்கு பேஸிலும் ஆட்களை நிறுத்திப் பந்தைச் சுற்றி எறிவது. பார்க்கக் கம்பீரமாக இருக்கும். பத்து வயதுக்குக் கீழே மூன்றாவது எறிதலிலேயே பந்து வேலிக்கு ஓடிவிடும், எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தூரத்தைப் பாதியாகக் குறைத்து, இரண்டு சதுரங்களாகப் பிரித்து, இரண்டு பந்துகளை விட்டால் உருப்படியான டிரில் ஆகும்.

தோள் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பேட்டருக்குப் பந்து வீசும் பிட்சர்களுக்கு ஒரு நாளைக்கு இத்தனை பந்து என்று லிட்டில் லீக் வரம்பு வைத்திருக்கிறது: 9, 10 வயதுக்கு 75, 11, 12 வயதுக்கு 85. ஒரே ஆட்டத்தில் 41 பந்தோ அதற்கு மேலோ வீசியவர் அன்றைக்கு, பேட்டருக்குப் பின்னால் பந்தை வாங்கும் கேட்சராக நிற்கவும் கூடாது, ஏனென்றால் கேட்சரும் விடாமல் எறிந்துகொண்டே இருப்பவர். ஃபீல்டிங் டிரிலில் எறிவது இந்தக் கணக்கில் வராது. முழங்கைக்கோ எல்லாம் ஒரே கணக்குத்தான். நேற்று பிட்ச் செய்த பிள்ளையை இன்று ஷார்ட்ஸ்டாப்பிலிருந்து ஃபர்ஸ்டுக்கு முப்பது முறை எறிய வைக்க வேண்டாம். வாளியில் போடச் சொல்லுங்கள். அதே காரணத்துக்காகத்தான் கையால் உருட்டும் டிரிலை எனக்குப் பிடிக்கும். கால், கை, கண் மூன்றும் உழைக்கும், தோள் ஓய்வில் இருக்கும்.

ஆட்டச் சூழல்

‘ஃபர்ஸ்டில் ஓட்டக்காரர், ஒருவர் அவுட், பந்து உன்னிடம் வருகிறது, எங்கே எறிவாய்?’ இந்தக் கேள்வியை வாயால் கேட்பதும் மைதானத்தில் ஓட்டக்காரரை ஓடவிட்டுக் கேட்பதும் வேறுவேறு. ஆள் ஓடும்போது கை தந்தியடிக்கும், அதுதான் வேண்டும். 11, 12 வயது அணிக்கு இது இல்லாமல் பயிற்சி முழுமையாகாது. பந்து வராத இடங்களில் நிற்பவர்கள் யாருக்குப் பின்னால் போய்த் துணை நிற்க வேண்டும், அவுட்ஃபீல்டிலிருந்து வரும் எறிதலை நடுவில் யார் வாங்குவது என்பதெல்லாம் வேறெதிலும் பழகாது.

எட்டு வயதுக்குக் கீழே இது பெரும்பாலும் கூச்சல்தான். பந்து எங்கே போனாலும் எட்டுப் பேர் அதன் மேல் விழுவார்கள். அந்த வயதில் ஒரே ஒரு சூழல் போதும்: பிடி, ஃபர்ஸ்டுக்கு எறி. பேஸைத் தொட்டாலே ஆகும் ஃபோர்ஸ் அவுட்டும், ஓடுபவரைப் பந்தால் தொட வேண்டிய டேக் அவுட்டும் எங்கே வேறுபடுகின்றன என்பதை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடலாம்.

யார் செய்தாலும் பேட்டரை நிறுத்தி ஆடுவதைவிடக் கோச்சே பந்தைப் போட்டுத் தொடங்குவது நல்லது. பேட்டர் நின்றால் அடிபடாத பந்துகளிலேயே நேரம் கரையும். ஓட்டக்காரர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம்.

யாருக்கு எது

6 முதல் 8 வயது வரை: அரை மணியில் 15 நிமிடம் கையால் உருட்டுவது, இரண்டு மூன்று துண்டுகளாக. ராக்கெட்டால் உயரப் பந்து 7, 8 நிமிடம். மீதி எறிதல். ஃபங்கோ மட்டையை வண்டியிலேயே விட்டுவிடலாம்.

9, 10 வயது: உருட்டல் 10 நிமிடமாகக் குறையும், தரையில் குத்திப் போடும் பந்து அதில் பாதி. ஃபங்கோ உள்ளே வரலாம், நாலு பேர் வரிசையாக, வாளியோடு, மெதுவான பந்தில். ஓடிப் பிடிக்கும் உயரப் பந்து ஐந்து நிமிடம். கடைசியில் ஒரு சூழல், ஒரே ஒன்று.

11, 12: உருட்டல் ஐந்து நிமிடச் சூடேற்றலாகத் தங்கும், ஆனால் தங்க வேண்டும். ஃபங்கோவுக்கும் சூழலுக்கும் ஆளுக்கு 10 நிமிடம். மீதி உயரப் பந்துக்கு, நிஜப் பந்தோடு.

பெரியவர் ஒரே ஒருவர்தான் என்றால் வயது எதுவானாலும் ஜோடிப் பயிற்சியை முதலில் வையுங்கள். அது தானாக ஓடும். மூன்று பெரியவர்கள் கிடைத்தால் மூன்று இடங்களில் நாலு நாலு பேராகப் பிரித்து, எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றவிடலாம். பிரிக்கும்போது கைதேர்ந்தவர்களையெல்லாம் ஒரே குழுவில் போட்டுவிடாதீர்கள். ஜோடி சேர்ப்பது வேறு கதை: அங்கே தூரமும் வேகமும் ஒத்துப்போக வேண்டும், பந்துக்குப் பயப்படும் பிள்ளையை வேகமாக எறியும் பிள்ளைக்கு எதிரே நிறுத்தக் கூடாது.

செலவு செய்வதாக இருந்தால், ஃபங்கோ மட்டைக்கு முன்னால் ஒரு டஜன் மென்மையான பந்துகள் வாங்குங்கள். கிளவுஸையும் ஒருமுறை பாருங்கள். இன்னும் இரண்டு வருடம் உழைக்கட்டும் என்று பெரிதாக வாங்கிக் கொடுத்த கிளவுஸை எட்டு வயதுப் பிள்ளையின் விரல்களால் மூடவே முடியாது. அந்தக் கிளவுஸோடு எந்த டிரில் செய்தாலும் பந்து உள்ளே வந்து வெளியே விழும். கையில் மாட்டிவிட்டு, ஒற்றைக் கையால் மூடிக் காட்டச் சொல்லுங்கள். மூட முடியவில்லை என்றால் முதலில் அதை மாற்ற வேண்டும்.